மூலை மடங்கிய பரமபதம்

எங்கள் வீட்டில் ஒழுங்காக அச்சான பொருள் ஒன்றுகூட இருந்ததில்லை. அப்பா திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் மிஷின்மேனாக இருந்தார். மிஷின் ஓடத் தொடங்கும்போது முதலில் வந்து விழும் வேஸ்ட் ஷீட்டுகளை வேலைக்காரர்கள் எடுத்துப்போகலாம். சாமி படம் முதல் என் நோட்டுக்குப் போடும் அட்டை வரை எல்லாம் அந்த வழியில்தான் வீடு வந்து சேர்ந்தன. பூஜை அலமாரியில் இருந்த லட்சுமிக்கு மூக்கு ஓரிடத்திலும் மூக்குத்தி சற்றுத் தள்ளி வேறிடத்திலும் இருக்கும். முருகனுக்கு உதடு நீலம். தோழி வீட்டில் முதன்முதலாகச் சரியான முருகனைப் பார்த்தபோது, அது வேறு யாரோ சாமி என்று நினைத்துவிட்டேன்.

அதனால், நான் மூன்றாம் வகுப்பு படித்த ஆண்டு மார்கழியில் அப்பா கொண்டுவந்த பரமபதப் படமும் வேஸ்ட் ஷீட்டாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை. ஏணிகள், பாம்புகள், கட்டங்கள், உச்சியில் பெருமாள் என்று எல்லாம் பளிச்சென்று இருந்தன. மிஷினுக்குள் போகும்போது மேல் மூலை மடங்கிக்கொண்டதால் அந்த இடம் மட்டும் அச்சேறாமல் வெள்ளை முக்கோணமாக நின்றுவிட்டது. இருப்பதிலேயே நீளமான பாம்பின் தலை வரவேண்டிய இடம் அது. பரமபதத்துக்கு நாலு கட்டம் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும் பாம்பு. கடித்தால் அதன் வால் வழியாக முதல் வரிசைக்கே இறங்கிவிட வேண்டும். எங்கள் படத்தில் அதற்கு உடம்பு இருந்தது, தலை இல்லை.

படம் எங்களுக்கல்ல, பெரியப்பாவுக்கு. அவர் அடுத்த வீட்டில் தனியாக இருந்தார். பெரியம்மா அந்த ஐப்பசியில்தான் இறந்துபோயிருந்தார். எங்கள் பக்கத்தில் பட்டாசு ஆலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்கள் மேஜை நாற்காலி என்று நினைத்துக்கொள்வார்கள். பெரியம்மா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஆபீசுக்கு வேனில் போய்வந்தார். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது வெடிமருந்து அறையில் தீப்பிடித்தது. உடலைப் பொதிந்த துணியைப் பிரிக்காமலேயே எடுத்துவிட்டார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் சடங்குக்கு வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர், ரசத்துக்குச் சோற்றைக் குழி பறித்துக்கொண்டே, "நெருப்புல போன உசுருக்கு மோட்சம் ஏது? அலைஞ்சுக்கிட்டேதான கெடக்கும்" என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னார். அவருக்கு ரசம் ஊற்றக் குனிந்தவர் பெரியப்பா. வாளியை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். உறவுக்காரர் ரசத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

துக்க வீட்டுக்கு ஓராண்டு பண்டிகை கிடையாது. கோயிலுக்கும் போகக் கூடாது. ஆகவே பெரியப்பாவின் மார்கழி வீட்டுக்குள்ளேயே நடந்தது. மத்தியானம் ஆனதும் அத்தையும் எதிர்வீட்டு மாமாவும் வந்துவிடுவார்கள். அத்தை பெரியப்பாவின் தங்கை, வேறு வீட்டில் வாழ்க்கைப்பட்டதால் துக்கக் கட்டு இல்லாதவர். தீப்பெட்டி ஆபீசில் முப்பது வருடம் குச்சி அடுக்கி முதுகு வளைந்தவர். மாமா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். இரண்டு கண்ணிலும் புரை. வாடைக்காற்றுக்குக் கதவைச் சாத்திவிட்டு, மூவரும் படத்தைச் சுற்றி உட்கார்ந்து தாயக்கட்டை உருட்டுவார்கள்.

அத்தைக்குப் புளியங்கொட்டை, மாமாவுக்குச் சோழி. பெரியப்பா வைத்தது ஒரு சட்டைப் பொத்தான். அவருடைய நீலச் சட்டையில் இரண்டாவது பொத்தான் இருக்கவேண்டிய இடத்தில் ஊக்கு குத்தியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை தைத்துத் தருவதாகச் சொல்லிப் பெரியம்மா டப்பாவில் போட்டுவைத்த பொத்தான் அது.

"உங்க காய் எங்க அண்ணாச்சி?" என்று மாமா முதல் நாள் கேட்டார்.

"எனக்கு எதுக்கு? இது அவளுக்கு" என்றார் பெரியப்பா.

நல்ல ஷீட் ஒன்று எடுத்துவந்து தருவதாக அப்பா சொன்னதற்கு, "வேண்டாம்லே, எனக்கு இந்த மூலை மடங்குனதே போதும்" என்று சொல்லிவிட்டார். வெள்ளையாக நின்ற இடத்தில் ஸ்கேல் வைத்து, விட்டுப்போன கோடுகளையும் எண்களையும் பேனாவால் போட்டார். பாம்புக்குத் தலையை மட்டும் போடவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

தலையில்லாத பாம்பு கடிக்காது என்பதில் மூவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. இருந்தும் பொத்தான் ஒருநாளும் உச்சிக்குப் போய்ச் சேரவில்லை. கீழேயிருந்த சின்னப் பாம்புகளே அதற்குப் போதுமாக இருந்தன. அத்தை நாலு தடவை பரமபதம் போய்விட்டார். ஒவ்வொரு தடவையும் தப்புச் செய்தவர்போல் முகத்தை வைத்துக்கொள்வார். "ஏகாதசி வரட்டும் அண்ணாச்சி. அன்னைக்கு வாசல் தெறந்துல்ல கெடக்கும்" என்று மாமா தேற்றினார். பெரியப்பா அதை நம்பினார். நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டிருந்தார்.

வைகுண்ட ஏகாதசி அன்று எனக்கு அரையாண்டு விடுமுறை. அத்தையும் மாமாவும் விடியுமுன்பே சொர்க்கவாசலுக்குப் போயிருந்தார்கள். பெரியப்பா குளித்துக்கொண்டிருந்தார். நான் ஓவியப் போட்டியில் பரிசாக வாங்கிய ஸ்கெட்ச் பேனாக்களுடன் படத்தின் முன் உட்கார்ந்தேன். சரியான பாம்பைத் தோழி வீட்டுப் படத்தில் பார்த்து வைத்திருந்தேன். கறுப்பில் தலை, பிளந்த வாய், சிவப்பில் இரட்டை நாக்கு. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. அப்பாவின் அச்சகம் விட்ட குறையை நான் தீர்த்துவிட்டேன் என்று பெருமையாக இருந்தது. மடங்கிய மூலை எப்போதும் சுருண்டுகொள்ளும் என்பதால் அதன்மேல் துளசித் தண்ணீர்ச் செம்பை வைப்பது வழக்கம். அன்று அதை நானே வைத்தேன். எல்லோரும் திடீரென்று பார்த்து அசந்துபோக வேண்டும் என்பது என் ஏற்பாடு. இப்போது நினைத்தாலும் கை கூசுகிறது.

விரத நாளில் பகலிலும் தூங்கக் கூடாது. கொஞ்சம் அவல் மட்டும் வாயில் போட்டுக்கொண்டு காலையிலேயே ஆட ஆரம்பித்தார்கள். முதல் உருட்டலிலேயே பெரியப்பாவுக்குத் தாயம் விழுந்தது. பொத்தான் ஏணி ஏணியாக ஏறியது. மத்தியானத்துக்குமேல் அத்தையும் மாமாவும் தங்கள் காய்களை மறந்துவிட்டார்கள். தன் முறை வந்தபோதும் அத்தை கட்டையை அண்ணனிடமே தள்ளினார்.

பொத்தான் கடைசி வரிசைக்கு வந்தது. பெரியப்பா கட்டையை வெகுநேரம் உள்ளங்கையில் வைத்திருந்து உருட்டினார். மூணு. செம்பு இருந்த கட்டம். "வந்துட்டாக, மதினி வந்துட்டாக!" என்று சொல்லிக்கொண்டே, பொத்தானுக்கு இடம் விட அத்தை செம்பைத் தூக்கினார்.

மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். "இதென்னது அண்ணாச்சி? இங்கன பாம்பு வாயத் தெறந்துக்கிட்டு இருக்கு?"

"நாந்தான் பெரியப்பா வரைஞ்சேன். நீங்க போட மறந்துட்டீகள்ல?" என்றேன்.

அத்தை என் முதுகில் ஓர் அறை வைத்தார். "அடி மூதி! சின்னப்புள்ள கிறுக்குனதெல்லாம் பாம்பாண்ணே? நீங்க மேல வைங்க."

"ஆமா அண்ணாச்சி, அது கணக்குல வராது" என்றார் மாமா.

பெரியப்பா பாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கடிச்சிருச்சு" என்றார். பொத்தானைத் தூக்கிக் கீழே வைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. விரலால் அழுத்தி, பாம்பின் ஒவ்வொரு வளைவிலும் இழுத்துக்கொண்டே இறங்கினார்.

"அன்னைக்குத் தலவலி, லீவு போடுதேன்னா. நாந்தான், சீசன் முடியட்டும், இன்னும் ரெண்டு நாள்தானன்னு வேன்ல ஏத்தி விட்டேன்."

பொத்தான் முதல் வரிசைக்கு வந்து நின்றது. விளையாடும்போது இவர் ஏன் லீவைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாமா தாயக்கட்டையை எடுத்துத் துணிப்பையில் போட்டார். முதுகு எரிந்ததால் நானும் அழுதேன்.

"அழாத தாயி" என்றார் பெரியப்பா. "பாம்பு நல்லாருக்கு. அசலாட்டம் இருக்கு."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. பெரியவர்கள் அழுவது பட்டினி கிடப்பதால் என்று முடிவு செய்துகொண்டேன். அத்தையும் மாமாவும் எழுந்துபோன பிறகு, படத்தை என் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், நன்றாகத்தான் வந்திருந்தது. ஒரே ஒரு குறை, கண் வைக்க விட்டுப்போயிருந்தது.

பச்சைப் பேனாவை எடுத்தேன். மூலை சுருண்டு சுருண்டு மேலே வந்தது. நான் இரண்டு கண்ணும் வைத்து முடிக்கும்வரை பெரியப்பா அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.