வீட்டுக்கு ஒரு ஆள்

காலையில் பஸ்ஸில் ஏறும்போது எங்களைத் தொட்டு எண்ணுவார்கள். எங்கள் போர்மேன் ஒரு மிஸ்ரி. எகிப்துக்காரரை இங்கே குவைத்தில் அப்படித்தான் சொல்கிறோம். அவர் கையில் ஒரு பேனா இருக்கும். அதன் பின்பக்கத்தால் ஒவ்வொரு தோளிலும் ஒரு தட்டு. வாகித், இத்னேன், தலாத்தா என்று எண்ணிக்கொண்டே பின்சீட்டு வரை வருவார். முடிந்ததும் இத்தனை நஃபர் என்று டிரைவருக்குக் குரல் கொடுப்பார். நஃபர் என்றால் ஆள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம், ஆள் இருந்தால் போதும். வந்த புதிதில் ஆட்டைக் கிடையில் அடைத்து எண்ணுவது போல இருந்தது. இப்போது பழகிவிட்டது. தட்டு விழாவிட்டால்தான் ஒரு மாதிரி இருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதிப் பழக்கமில்லை. ஊரில் இருக்கிறவர்களுக்கும் இங்கே என்னோடு குப்பூஸ் ரொட்டி தின்கிறவர்களுக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஆள் எண்ணுகிற விஷயம்தான்.

எங்கள் ஊர் சாயல்குடிக்கு வடக்கே. எங்கே கிணறு தோண்டினாலும் உப்பு. குடிக்கிற தண்ணீருக்கு ஊருணி ஒன்றுதான். மழைத் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஓடிவந்து அதில் நிற்கும். அதில் யாரும் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒரு முறை இருந்தது. மழைக்காலத்துக்கு முன் தமுக்கு அடிப்பார்கள். நாளைக்கு ஊருணி வேலை, வீட்டுக்கு ஒரு ஆள் என்று சொல்லிக்கொண்டு போவார்கள். விடிந்ததும் வீட்டுக்கு ஒருவன் மண்வெட்டியோடு கரையில் நிற்க வேண்டும். நிலக்காரன் வீடும் கூலிக்காரன் வீடும் அன்றைக்கு ஒன்றுதான். ஆள் வராத வீடு தெண்டம் கட்ட வேண்டும். தெண்டம் கட்டுவது அசிங்கம். காய்ச்சலோடு வந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு கரையில் உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டாவிட்டாலும் அவர் ஆள்தான். வந்துவிட்டாரே.

மிளகாய்ப் பயிர் அடுத்தடுத்த வருசம் காய்ந்துபோனபோது நாங்கள் கிளம்பினோம். குவைத்தில் சண்டை முடிந்து ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கீழக்கரைக்காரர் ஒருவர் விசா கொடுத்தார். முதலில் நாலைந்து பேர் போனோம். பிறகு தெருவுக்குத் தெரு. தமுக்கு அடித்தால் எங்கள் வீடுகளில் ஆண் ஆள் இல்லை. இங்கிருந்து தெண்டம் அனுப்பினோம். கொஞ்ச நாளில் அசிங்கம் பெருமையாகிவிட்டது. திருவிழாவில் ஊர்த்தலைவர் அம்பலகாரர் எங்கள் பெயர்களை மைக்கில் வாசித்தார். தெண்டத்தில் ரேடியோ செட் வந்தது, வாணவேடிக்கை வந்தது. மண் வெட்டத்தான் ஆள் வரவில்லை. மிச்சம் இருந்தவர்களும், அவன் கட்டுகிறான், நானும் கட்டிவிட்டுப் போகிறேன் என்றார்கள். வரத்துக்கால் மூடிப்போனது. ஊருணிக்குள் சீமைக்கருவேலம் முளைத்தது. ஆளுக்குப் பதில் பணம் அனுப்பினால் ஆள் போன மாதிரிதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

இங்கே எனக்கு என்ன வேலை என்று அப்போது ஊரில் பலருக்குத் தெரியாது. சாலை ஓரத்துப் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறேன். கடல் தண்ணீரைக் காய்ச்சி நல்ல தண்ணீராக்குகிறார்கள். அதைக் குழாயில் கொண்டுவந்து என் கையில் கொடுக்கிறார்கள். நான் அதைப் புல்லுக்குப் பீய்ச்சுகிறேன். முதல் நாள் குழாயைத் திறந்ததும் கை நிறையப் பிடித்துக் குடித்துப் பார்த்தேன். மிஸ்ரி சிரித்தார். குடிக்க வண்டியில் குளிர்ந்த தண்ணீர் இருக்கிறது என்று கையைக் காட்டினார். எனக்குத் தாகம் இல்லை என்று அவரிடம் சொல்லத் தெரியவில்லை.

ஒரு நோன்பு மாதம். நோன்பு திறக்கிற நேரத்துக்கு ஒரு வயசாளி அரபி காரை நிறுத்திச் சோற்றுப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, கம் நஃபர் என்று கேட்டார். எத்தனை பேர் என்று அர்த்தம். நான் நாலு விரலைக் காட்டினேன். நாலு பொட்டலம் கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். என் கட்டிலுக்கு மேல் கட்டிலில் இருந்தவர் கீழக்கரை சீனி காக்கா. அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். வாய் சும்மா இருக்காது.

"ஏலே, வேலைக்கு நின்னது ஒத்த ஆளு. நாலு ஆளு சோத்த வாங்கிட்டு வந்துருக்க. நோன்பு நாள்ல களவாணித்தனமாடா?"

"எத்தன பேருன்னு கேட்டாரு காக்கா. வீட்டுலன்னு நெனச்சேன்."

"வீட்டுல எத்தன பேரு?"

"நானு, பாண்டியம்மா, மக செல்வி, சின்னவன்."

காக்கா கட்டிலை விட்டு இறங்கினார். பொட்டலத்தைப் பிரித்து அறையில் இருந்தவர்களுக்கெல்லாம் வைத்தார். எனக்கு முதலில் வைத்தார்.

செல்வி அப்போது எட்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நன்றாகப் படிக்கிற பிள்ளை. ஒன்பதுக்குச் சாயல்குடி போக வேண்டும். காலையில் ஒரே பஸ். அதே நேரத்தில்தான் ஊற்றிலும் உட்கார வேண்டும். ஊருணி வற்றியபின் கண்மாய்க்குள் ஆழமில்லாமல் பள்ளம் தோண்டி, கசிகிற நல்ல தண்ணீரைச் சிரட்டையால் கோதிக் குடத்தில் ஊற்றுவார்கள். அதுதான் ஊற்று. ஒரு குடம் நிறைவதற்குள் கால் மரத்துப்போகும். எழுந்தால் இடம் போய்விடும். பாண்டியம்மாள் காட்டுக்குக் கூலி வேலைக்குப் போயாக வேண்டும், சின்னவன் கைப்பிள்ளை. ஊற்றுக்குச் செல்விதான். பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் குடத்தை வைத்துவிட்டு ஓடினாள். பிறகு பஸ் போகிற சத்தத்தைக் கண்மாய்க்குள் இருந்தே கேட்டாள். அவளோடு எட்டு முடித்த எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் இதே கதைதான். பையன்கள் பஸ்ஸில் போனார்கள்.

இதெல்லாம் எனக்கு ஒரு கேசட்டில் வந்தது. அப்போது எங்களைப் போன்றவர்கள் எழுதுவதைவிடப் பேசிப் பதிந்து அனுப்புவதுதான் வழக்கம். ஊருக்குப் போய்த் திரும்பிய சீனி காக்காவிடம் பாண்டியம்மாள் கொடுத்துவிட்டிருந்தாள். "ஒம் பொஞ்சாதி மம்பட்டி புடிச்சுருச்சாம்ல தம்பி. கீழக்கரை வரைக்கும் சேதி வந்துருச்சு" என்று சொல்லிக் கையில் வைத்தார். டேப்பில் போட்டேன். கோழிச் சத்தம், சின்னவன் அழுகிற சத்தம், அதற்கு நடுவில் அவள் குரல். தமுக்கு அடித்த மறுநாள் அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போயிருக்கிறாள். அம்பலகாரர் கேட்டதையும் தான் சொன்னதையும் அப்படியே நடித்துக் காட்டியிருந்தாள்.

"என்ன ஆத்தா, இங்கன நிக்கிற?"

"வீட்டுக்கு ஒரு ஆளுன்னு சாட்டுனீகள்ல. வந்துருக்கேன்."

"பொம்பளையாளு கணக்குல வராது. தெண்டத்தக் கட்டிட்டுப் போயி சோலியப் பாரு."

பக்கத்தில் நின்ற ஒருவர், அவளுக்கு மச்சான் முறை, "குவைத்துக்காரன் பொண்டாட்டிக்குக் கை காச்சுப்போகப் போகுதுடி" என்று சிரித்திருக்கிறார்.

"காச்சுப்போன கைதான் மச்சான். ஒங்க வீட்டுக்கு நாத்து நட்ட கைதான். தெரியலையாக்கும்."

"ஏத்தா, ஒன் வீட்டு ஆளு ஒம் புருசன். அவன்தான் தெண்டம் அனுப்புறான்ல" என்றாராம் அம்பலகாரர்.

"அவுக அங்கன புல்லுக்குத் தண்ணி விடுறாக. இங்கன எம்மக சிரட்டையில கோதுறா. தெண்டத்தக் கரைச்சுக் குடிக்கச் சொல்றீகளா?"

அதைச் சொல்லிவிட்டுப் பாண்டியம்மாள் கேசட்டில் கொஞ்சம் சிரித்தாள். அவளை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் செல்வியிடம் பேசச் சொல்லியிருக்கிறாள். "அய்யா, நல்லாருக்கீகளா. நான் பள்ளிக்கூடம் போகல. பேரை எடுத்துருவாகளாம். ஊருணி பெருகுனா போயிருவேன்." அவ்வளவுதான். பிறகு ரீல் ஓடுகிற சத்தம் மட்டும்.

நான் பதில் கேசட் பேசினேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். மழை வரும் என்றேன். குவைத்தில் இருந்துகொண்டு மழை வரும் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குப் பங்கு இல்லை. கேட்டதைத்தான் சொல்கிறேன். ஆண்கள் பயணம் போன வீட்டுப் பெண்கள் எல்லாரும் ஒரு நாள் பாண்டியம்மாள் வீட்டு வாசலில் கூடினார்கள். தமுக்கும் இல்லை, அம்பலகாரரும் இல்லை. இரண்டு முடிவு எடுத்தார்கள். ஒன்று, ஊற்றுக்கு முறை வைப்பது. கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு முறை வைத்து விடுகிற மாதிரி. இன்றைக்கு இரண்டு பெண்கள் ஊற்றில் உட்கார்ந்து எல்லா வீட்டுக் குடத்தையும் நிரப்புவார்கள். நாளைக்கு வேறு இரண்டு பேர். பிள்ளைகள் ஊற்றுப் பக்கம் வரக் கூடாது. இரண்டாவது, மற்றவர்கள் தினம் காட்டுக்குப் போவதற்கு முன் ஊருணியில் மண் எடுப்பது. வீட்டுக்கு ஒரு ஆள். பெண்ணும் ஆள்தான். தெண்டம் கிடையாது. யார் வீட்டிலிருந்து எவ்வளவு வந்தாலும் வாங்குவதில்லை.

ஆண்கள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஏலே, வாங்கடா, ஊருணிக்குள்ள கும்மியடிக்கிறாளுக என்றார்களாம். கருவேல முள் ஏறிப் பாண்டியம்மாளின் பாதம் வீங்கிப்போனது. அவள் படுத்த நாட்களில் ஆள் குறையக் கூடாது என்று செல்வி மண்வெட்டியை எடுத்தாள். ஊற்றுக்கு முறை வந்தபின் மற்ற பிள்ளைகள் பஸ்ஸுக்கு ஓடினார்கள். இவள் ஊருணிக்குப் போனாள். அம்மா எழுந்ததும் போகலாம் என்று இருந்திருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பேரை எடுத்துவிட்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே ஊருணி பழைய ஆழத்துக்கு வந்துவிட்டது. வரத்துக்காலும் திறந்தது. அந்த வருசம் மழை ஏமாற்றியது. வெட்டிய ஊருணி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. சிரித்தவர்கள் இன்னும் சிரித்தார்கள். பெண்கள் முறையை விடவில்லை. அடுத்த வருசம் ஐப்பசியில் பெய்தது. ஒரே ராத்திரியில் பெருகியது என்று காக்கா கொண்டுவந்த அடுத்த கேசட்டில் பாண்டியம்மாள் சொன்னாள். தவளைச் சத்தத்தையும் பிடித்து அனுப்பியிருந்தாள். செல்வியைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நான் சொல்லி அனுப்பினேன். சின்னப்பிள்ளைகளோட உக்காரமாட்டேன் என்றுவிட்டாள். சில வருசம் கழித்து அவளை அதே தெருவில் கட்டிக்கொடுத்தோம்.

ஊருணி பெருகிய செய்தி வந்ததும் குவைத்தில் எங்கள் ஊர்ச் சங்கம் கூடியது. வெள்ளிக்கிழமை, பூங்காவில். லட்டு கொடுத்தார்கள். நாம் இவ்வளவு காலம் அனுப்பியது வீண்போகவில்லை என்று ஒருவர் பேசினார். கை தட்டினோம். நானும் தட்டினேன். ஊருணிக் கரையில் ஒரு கல்வெட்டு வைக்க ஏற்பாடு செய்தார்கள். அம்பலகாரர் வந்து திறந்து வைத்தார். வெளிநாடு வாழ் ஊர் மக்கள் உபயம் என்று போட்டு எங்கள் பெயர்கள். மண் எடுத்த ஒரு பெண்ணின் பெயரும் அதில் இல்லை. கல் இடுப்பு உயரத்துக்கு வசதியாக இருந்தது. தண்ணீர் எடுத்துவிட்டு வருகிறவர்கள் அதன்மேல் குடத்தை இறக்கி வைத்து, இடுப்பு மாற்றிக்கொண்டு போனார்கள்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அதைப் பார்த்தேன். குடத்திலிருந்து சிந்திச் சிந்தி என் பெயரில் பாசி பிடித்திருந்தது. நான் இருந்த நாட்களில் ஊருணி வேலை வந்தது. இப்போது தமுக்கு இல்லை. செல்வி தெருத் தெருவாக நடந்து சொல்லிக்கொண்டு போகிறாள். ஊரில் எந்த வீட்டுக்கு யார் ஆள் என்று அவளுக்கு மனப்பாடம். ஆண்களும் இப்போது அவள் சொன்னால் வருகிறார்கள். அந்த மச்சானும் வருகிறார்.

விடிந்ததும் மண்வெட்டியைத் தேடினேன். வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் ஒன்று வாங்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிக் கரைக்குப் போனேன். பல வருசம் கழித்து அந்த வரிசையில் நின்றேன். செல்வி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டு வந்தாள். அந்தந்த வீட்டு ஆள் கையைத் தூக்கினார்கள். எங்கள் வீட்டைக் கூப்பிட்டாள். நான் கையைத் தூக்கினேன். பள்ளத்துக்குள் இருந்து பாண்டியம்மாளும் தூக்கினாள்.

செல்வி என் பக்கத்தில் வந்தாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

"அய்யா, நம்ம வீட்டுக்கு ஆள் வந்தாச்சு. நீங்க வெயில்ல நிக்காதீக. அங்கன நெழல்ல உக்காருங்க."

"நானும் வெட்டுறேன்டி. கூட ஒரு ஆளுதான."

"வீட்டுக்கு ஒரு ஆளுதான் அய்யா. நீங்க போயிருவீக. அப்புறம் கூடுதலா வந்த வீடு, கொறைச்சலா வந்த வீடுன்னு பேச்சு வரும்."

சரி என்றேன். அவள் சொன்னதில் தப்பு இல்லை. போய்க் கல் பக்கத்து நிழலில் உட்கார்ந்தேன். கரைமேல் சீருடை போட்ட பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போனார்கள். செல்வி கையில் சேறோடு திரும்பிப் பார்த்து, "பஸ்ஸு முக்குல வந்துருச்சுடி, ஓடுங்க" என்றாள். ஓடினார்கள். பஸ் போகிற சத்தம் கேட்கிற வரை அவள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்தாள். பிறகு குனிந்து வெட்ட ஆரம்பித்தாள். அம்மாவும் மகளும் வெட்டினார்கள். நான் உட்கார்ந்து பார்த்தேன்.

திரும்பி வந்து மாதங்களாகிவிட்டன. சீனி காக்கா ஊரோடு போய்விட்டார். இன்று காலையிலும் பஸ்ஸில் மிஸ்ரி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு நின்றார். ஒரு நஃபர் குறைந்தது. மறுபடி பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தோளில் தட்டு விழவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

கையைத் தூக்கினேன்.