முதலில் போட்ட கையெழுத்து

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து மோட்டார் போட்டேன். ஏழு பத்துக்குச் சிதம்பரத்தில் புவனகிரி பஸ். பள்ளியில் ஐந்து பாடவேளை. மாலை பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். இதுவரை எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். அலமாரியின் கீழ்த்தட்டில் பச்சை அட்டை டைரி ஒன்று இருக்கிறது. எடுக்கவில்லை. அதில் உள்ள ஒரு பக்கம் எனக்கு மனப்பாடம்.

அக்கா என்று நான் கூப்பிடுபவர் ஒன்றிய அலுவலக உதவியாளர். ஐந்து வருடத்துக்கு முந்தைய உள்ளாட்சித் தேர்தலில் ஒரே மேஜையில் ஊராட்சித் தலைவர் பதவிக்கான வாக்குச்சீட்டுகளை எண்ணினோம். தொடங்கும் முன்பே வெற்றுப் படிவங்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு வைத்தோம். அது எங்கள் வழக்கம். "இப்பவே போட்டு வெச்சிடலாம் சார், மத்தியானத்துக்கு மேல கை ஓடாது" என்று சிரித்தார். படிவங்களை ஓரம் பிசகாமல் அடுக்கியவன் நான்.

பூட்டுச் சின்னத்துக்கு 187, சீப்புக்கு 181. மேலதிகாரி வந்து நின்று எண்களை மாற்றிச் சொன்னார். அக்காவின் பேனா தாளுக்கு மேலே நின்றது, என்னைப் பார்த்தார். நான் கட்டுகளுக்கு ரப்பர் பேண்ட் சரிசெய்துகொண்டிருந்தேன். "கையெழுத்துதான் இருக்கே, எழுதும்மா" என்றார் அதிகாரி. அக்கா எழுதினார். வீடு திரும்பியதும் நடந்ததை அப்படியே அந்தப் பச்சை டைரியில் எழுதினேன்.

பூட்டில் நின்ற பெண் வழக்குப் போட்டார். மறு எண்ணிக்கையில் குட்டு வெளிப்பட்டது. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார் அதிகாரி. எண்கள் அக்காவின் கையெழுத்தில் இருந்தன. அவர் சஸ்பெண்ட் ஆனார்.

கடலூரில் விசாரணை அறைக்கு வெளியே பெஞ்சில் இருந்தபோது தாழ்ந்த குரலில் கேட்டார்: "நீங்க டைரி எழுதுறவராச்சே சார், அன்னைக்கு எழுதலயா?"

"அசதிக்கா, அன்னைக்கு எழுதல."

முப்பது வருடத்தில் ஒருநாளும் நான் விட்டதில்லை. அது அவருக்கும் தெரியும். உள்ளே போய், கையெழுத்து என்னுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. வருகைப் பதிவேட்டில் பேனா வைக்கும் ஒவ்வொரு காலையும் தாளுக்கு மேலே நின்ற அந்தப் பேனா கண்முன் வந்துவிடுகிறது.

செவ்வாய் மாலை பஸ் ஸ்டாண்டில் அக்கா சொன்னார்: இந்த மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு வயது. விசாரணை முடியாததால் ஓய்வுபெற விடமாட்டார்களாம். புகார்போல் அதைச் சொல்லவில்லை. பஸ் நகரும்போது ஜன்னல் வழியே, "இன்னும் டைரி எழுதுறீங்களா சார்?" என்றார்.

"எழுதுறேன்க்கா."

மார்ச் 12, புதன். எழுந்ததும் மோட்டார்கூடப் போடாமல் பச்சை டைரியை எடுத்து மேஜையில் விரித்தேன். வெள்ளைத்தாளில் விசாரணை அலுவலருக்கு எல்லாவற்றையும் எழுதினேன், டைரியைப் பற்றி நான் சொன்ன பொய்யையும் சேர்த்து. இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.