வெள்ளைத்தாள் எஃகில் சந்தனப் பொட்டு

கத்தி வாங்கப் போகிறேன் என்று சொன்னதும் என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "குசினியில கிடக்கிற அஞ்சும் காணாதோ?" என்பதுதான்.

காணாது. நான் இங்கே ஜெர்மனியில் நகரசபையின் பூங்காப் பிரிவில் வேலை செய்கிறேன். வேர் அறுக்க, கயிறு வெட்ட, முளைக்கம்பு சீவ என்று நாள் முழுக்கக் கத்தி வேண்டும். வேலையில் தருகிற கத்தி பத்துக் கிளைக்குள் மழுங்கிவிடும். என்னோடு வேலை செய்யும் ஒரு ஜெர்மன்காரி தன் ஜப்பான் கத்தியால் விரல் தடிப்பு வேரை ஒரே இழுவையில் அறுத்ததைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு அந்த ஆசை பிடித்துக்கொண்டது. பொறாமை என்று சொன்னாலும் பிழையில்லை.

அவர் அப்போது வேலையில்லாமல் வீட்டில் இருந்தார். இருபத்தாறு வருடம் லேத் மெசினில் நின்று இரும்பு கடைந்தவர். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வேலை தேடித் தரும் அலுவலகத்தில் வந்து பார்க்கச் சொல்லி ஒரு டெர்மின், அதாவது நாளும் நேரமும், தருவார்கள்; அது முடிந்தால் அடுத்த டெர்மின் தருவார்கள், வேலை மட்டும் தர மாட்டார்கள். காலையில் நான் வெளிக்கிடும்போது அவரும் எழும்பி, சவரம் செய்து, துப்புரவாக உடுத்திக்கொண்டு கதிரையில் போய் இருப்பார். எங்கே போகப் போகிறீர்கள் என்று கேட்டால் "சும்மா" என்பார். மனுசன் என் கண் முன்னாலேயே கரைந்து போகிறாரே என்று எனக்குப் பயம். ஆனால் எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பிறவிக் குணம், என்ன செய்ய?

கத்திக்கடை கொலோனில், ஒரு சின்னத் தெருவில் இருந்தது. கடைக்காரர் ஒல்லியான ஜெர்மன்காரர். கத்தியைக் கண்ணில் காட்ட முன்னமே என்ன வெட்டுவீர்கள், மழையிலும் வேலை செய்வீர்களா, முடிந்ததும் துடைப்பீர்களா என்று விசாரணை. பிறகு மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளைத்தாள் எஃகு, ஒன்று நீலத்தாள் எஃகு, மற்றது துருப்பிடிக்காத வகை. எஃகில் வெள்ளையும் இல்லை, நீலமும் இல்லை. இன்ன வகை என்று தெரிவதற்காக உருக்காலையில் அதில் ஒட்டுகிற தாளின் நிறம்தான் பெயராகிவிட்டதாம். நீலத்தில் வேறு உலோகமும் கலந்திருக்கும். கூர் கனநாள் நிற்கும், ஆனால் தீட்டுவது கஷ்டம். வெள்ளையில் கலப்பு மிகக் குறைவு. கல்லில் நாலு தரம் இழுத்தாலே கூர் வந்துவிடும், ஈரம் பட்டால் துருவும் வந்துவிடும்.

"உங்களுக்குத் துருப்பிடிக்காததுதான் வசதி" என்றார்.

அதென்ன, எனக்கு மட்டும்? சுர்ரென்று ஏறியது. வெள்ளையைத் தாருங்கள் என்றேன். ரோசத்தில் வாங்கினேன் என்பதுதான் உண்மை.

ரோசத்தில் வாங்கினாலும் சாமான் தங்கமான சாமான். பத்து சென்ரிமீற்றர் அலகு, வெறும் மரப்பிடி. இரண்டு பக்கமும் உலையில் வெந்த கறுப்புத் தோல் அப்படியே இருக்கும். கூரோரத்தில் மட்டும் ஒரு பளபளப்பான பட்டை. மெத்தென்ற இரும்பு இரண்டுக்கு நடுவில் கடினமான எஃகை வைத்து அடித்திருக்கிறார்கள். இரும்பும் எஃகும் சேருமிடத்தில், கஞ்சி வற்றின சட்டியில் தெரிவது போல ஒரு நெளிகோடு. முதல் நாள் ஒரு கம்பைச் சீவினேன். சீவல் சுருண்டு சுருண்டு விழுந்தது. வேண்டிய அளவு சீவிய பிறகும் கை நிற்கவில்லை, கம்பு முழுவதையும் சீவி முடித்துவிட்டேன்.

ஒவ்வொரு பின்னேரமும் துடைத்து, காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் பூசுவேன். "எனக்கு ஒருநாளும் இப்பிடி எண்ணெய் தேய்ச்சு விடேல்லையே நீர்" என்பார் அவர்.

புரட்டாதியில் பாரிசில் இருக்கும் அக்காவுக்கு ஒப்பரேஷன். நாலு நாள் போய் நின்றேன். அந்த நாட்களில்தான் சரஸ்வதி பூசை. வீட்டுப் பூசையை அவர் தனியே செய்தார்.

திரும்பி வந்து பார்க்கிறேன், சரஸ்வதி படத்துக்கு முன்னால், அவலுக்கும் கடலைக்கும் பக்கத்தில், பட்டுத்துணி மேல் என் கத்தி. அலகில் மூன்று பெரிய சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். இரண்டு கறுப்புத் தோலில். ஒன்று சரியாகப் பளபளப்புப் பட்டையில். காய்ந்துபோன சந்தனத்தைச் சுரண்டினேன். கீழே செம்மண் நிறத்தில் துரு. நகத்தால் தடவினால் குழி தட்டுப்பட்டது.

"என்ர கடவுளே! ஆரைக் கேட்டு இதை எடுத்தனீங்கள்?"

"பூசையெல்லே. வைச்சா மூண்டு நாளைக்குத் தொடக்கூடாது. அதுதான் விட்டனான்."

"ஈரச் சந்தனம் பட்டா இரும்பு துருப்பிடிக்குமெண்டு உங்களுக்குத் தெரியாதோ? இருபத்தாறு வரியம் இரும்போட நிண்ட மனுசன்!"

"தெரியும். பொட்டு வைக்கேக்கை அது ஞாபகம் வரேல்லை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் இல்லையே. "பூசையில வைக்கிறதெண்டா உங்கட சாமானை வைக்கிறதுதானே! என்ர சாமானில ஏன் கை வைச்சனீங்கள்?"

அவர் படத்துக்கு முன்னால் கிடந்த பட்டுத்துணியை மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "என்னட்டை என்ன சாமான் கிடக்கு?"

ஒவ்வொரு வருடமும் பூசைக்குத் தொழிற்சாலையிலிருந்து தன் அளவுகோல் வேர்னியரைக் கொண்டு வந்து வைப்பார். மூடின அன்று அதையும் அலுமாரிப் பூட்டின் திறப்பையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்தவர். எனக்குத் தெரியாத சங்கதியா? என் வாயிலேயே இரண்டு போட வேண்டும் போலிருந்தது. என்னைத் தாலி கட்டிக் கூட்டிவந்த மனுசனை, வெறுங்கையன் என்று நானே சொல்லிவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டால் அவர் இன்னும் கூசிப் போவார். நான் போய் தீட்டுக்கல்லையும் ஒரு கிண்ணம் தண்ணீரையும் கொண்டுவந்து, கத்தியோடு அவர் முன்னால் வைத்தேன்.

"இந்தத் துருவை எடுத்துத் தாங்கோ. எனக்கு ஏலாது."

பச்சைப் பொய். கிழமைக்கொரு தரம் தீட்டுகிறவளே நான்தான். அது அவருக்கும் தெரியும். என்னை ஒருதரம் பார்த்தார். எழும்பிப் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துச் சரித்துப் பார்த்தார்.

"குழி ஆழம். இந்த இடத்தை மட்டும் தேய்ச்சா விளிம்பு வளைஞ்சு போகும். முழுப் பக்கத்தையும் ஒரே சீரா இறக்க வேணும்" என்றார். "என்ன கோணத்தில தீட்டுறனீர்?"

"கைக்கணக்குத்தான்."

"கைக்கணக்கோ!" உண்மையாகவே திடுக்கிட்டுவிட்டார். "இவ்வளவு நாளும் இதைக் கைக்கணக்கிலயோ தீட்டினனீர்? உமக்கெல்லாம் ஆர் இந்தக் கத்தியை வித்தது?"

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு என்னை ஏசினார். எனக்கு அழுகை வந்தது, சந்தோசமாகவும் இருந்தது.

"நாளைக்கு வேலைக்கு வேணும்" என்றேன்.

"நாளைக்கெல்லாம் ஏலாது. அவசர வேலை நான் செய்யிறேல்லை" என்றார், தலையை நிமிர்த்தாமலே. "வியாழக்கிழமை பின்னேரம் வந்து எடும்."

ஒரே வீட்டில், ஒரே அறையில் இருக்கிற பெண்சாதிக்குச் சொல்லுகிற பேச்சு!

"சரி" என்றேன். "வியாழக்கிழமை வாறன்."