கைக்குட்டையை யாருக்கு ஆட்டினோம்

என் மருமகன் செல்சோவை ஊர்தான் வேண்டாமென்றது என்று லிசார்டோ சொல்லிக்கொண்டு திரிகிறான். எங்கள் கால்பந்து கிளப்பின் தலைவன் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா? நான் அங்கே இருந்தவள். நடந்ததைச் சொல்கிறேன்.

செல்சோ எங்கள் ஊரான பிரானியேகாவில் பிறந்தவன். அப்பா சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். பையன் மீசை முளைக்கும் முன்பே எங்கள் கிளப்பின் தடுப்பு வரிசையில் நடுவே நின்றான். பந்துக்குப் பின்னால் ஓட மாட்டான். அது வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்பான். தெற்கேயிருந்து ஒரு பெரிய கிளப் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. முதல் டிவிஷனில் ஆடினான், டிவியில் பார்த்தோம். பிறகு முழங்கால் போயிற்று. அறுத்தார்கள், தைத்தார்கள், மறுபடி அறுத்தார்கள். அந்தக் கிளப் அவனை மறந்துவிட்டது.

லேசாக நொண்டிக்கொண்டு ஊர் திரும்பியவன் என் மகள் ஒல்விடோவைக் கேட்டான். "பந்தை உதைக்கிறவனுக்கா பொண்ணைக் கொடுப்பேன்?" என்றேன்.

"நான் உதைக்கிறவன் இல்ல, அத்தை. உதைக்க விடாம தடுக்கிறவன்" என்றான். சிரித்துத் தொலைத்தேன். கொடுத்துவிட்டேன்.

அந்தக் காலை வைத்துக்கொண்டே எங்களுக்காகப் பல வருஷம் ஆடினான். பிறகு ஒவியேதோ நகரத்துக்குப் போய்ப் பயிற்சியாளர் படிப்பு படித்து வந்தான். மழையிலும் சேற்றிலும் சின்னப் பசங்களைப் பழக்கினான். பெரிய அணி கீழே விழுந்து கிடந்தபோது அவன் கையில் கொடுத்தார்கள். அவன்தான் அதை ஒரு டிவிஷன் மேலே ஏற்றினான்.

இந்தக் குளிர்காலம், போட்டிகள் பாதி நடந்துகொண்டிருக்கும்போது, லிசார்டோ எங்கள் கோல்கீப்பரை விற்றான். செல்சோவிடம் ஒரு வார்த்தை இல்லை. அவன் அதை ரேடியோவில் கேட்டுத் தெரிந்துகொண்டான். அடுத்த ஞாயிறு எங்கள் மைதானத்திலேயே நாலு கோல் வாங்கினோம்.

கோபம் வந்தால் எங்கள் ஜனம் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஆட்டும். பயிற்சியாளர் மேல் கோபமென்றால் அவர் பெஞ்சைப் பார்த்து ஆட்டுவோம். தலைவன் மேல் என்றால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி, மேலே அவன் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து ஆட்டுவோம். அன்றைக்கு அத்தனை பேரும் முதுகைத்தான் காட்டினோம். என் பக்கத்து இருக்கை பெனிக்னோதான் முதலில் எழுந்தவன். "லிசார்டோ, வெளியே போடா!" என்று கத்தியே அவனுக்குத் தொண்டை கட்டிப்போயிற்று.

மறுநாள் ரேடியோவில் லிசார்டோ பேசுகிறான்: "ஜனங்க கைக்குட்டைய எடுத்துட்டாங்க. ஜனங்க சொன்னா நான் கேட்டுத்தானே ஆகணும்? செல்சோவ அனுப்பிட்டோம்."

ரேடியோவைப் பட்டென்று அணைத்தேன். எங்கள் கைக்குட்டையை எடுத்து என் மருமகன் கழுத்திலேயே சுற்றிவிட்டான்! சட்டம் வேறு இருக்கிறது. ஒரு அணியோடு வருஷத்தைத் தொடங்கிய பயிற்சியாளன் அந்த வருஷம் அதே டிவிஷனில் வேறு பெஞ்சில் உட்கார முடியாது.

அன்று மாலை மதுக்கடையில் எல்லோரும் மேசையைக் குத்தினார்கள். "அடுத்த வாரம் வியாழக்கிழமை உறுப்பினர் கூட்டத்துல நான் எந்திரிச்சு கேக்கறேன், டோரிண்டா" என்றான் பெனிக்னோ. "அவன் மூஞ்சிக்கு நேரா கேக்கறேன்."

நடுவில் ஒரு ஞாயிறு வந்தது. புதுப் பயிற்சியாளரின் கீழ், வெளியூரில், ஒரு பெனால்டியில் ஜெயித்தார்கள். அவ்வளவுதான். ஊருக்கு வாய் அடைத்துப் போயிற்று.

கூட்டத்தில் யாரும் எழவில்லை. நான் எழுந்தேன். "தலைவரே, ஒரே கேள்வி. அன்னைக்கு நாங்க கைக்குட்டைய யாருக்கு ஆட்டினோம்?"

"அம்மா, அது முடிஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை ஜெயிச்சோமா இல்லையா?" என்றான். கைதட்டினார்கள், பாவிகள். "உங்க மாப்பிள்ளை. மனசு கஷ்டப்படத்தான் செய்யும்."

"மாப்பிள்ளைய விடு. மைதானத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு உன் மூஞ்சியப் பாத்துத்தான் நின்னோம். பெனிக்னோ, எந்திரி. நீதானே மொதல்ல ஆட்டின?"

அவன் தொப்பியைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான். "ஆட்டினேன்தான். கூட்டத்துல எவன் யாருக்கு ஆட்டினான்னு நான் எப்படிச் சொல்றது?"

"மத்தவன விடு. உன் கைக்குட்டை?"

"எனக்கு அன்னைக்குச் சளி, டோரிண்டா."

கூடமே சிரித்தது. லிசார்டோ மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். அத்தனை பேர் நடுவில் செல்சோவுக்காக ஒரு கை எழவில்லை. அவன் பழக்கிய பசங்களின் அப்பன்மார் அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள்.

வெளியே ஆப்பிள் கள்ளை, நுரைக்கட்டும் என்று, பாட்டிலை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தார்கள். எங்களிடம் ஒரே கிளாஸ்தான் கை மாறும். பெனிக்னோ குடித்துவிட்டு, மறுபடி ஊற்றி வாங்கி என்னிடம் நீட்டினான்.

"சளிக்காரன் வாய் வெச்ச கிளாஸ் எனக்கு வேண்டாம்" என்றேன். இதுவரை அந்தக் கிளாஸை நான் மறுத்ததே இல்லை.

வீட்டுக்கு வந்தால் செல்சோ அவரைக்காய் உரித்துக்கொண்டு, "புது கீப்பர் எப்படியாம் அத்தை, தைரியமா நின்னானாமா?" என்கிறான்.

"உனக்குக் கோபமே வராதா மாப்ள?"

"வருது. ஆனா அந்தப் பசங்க நான் வளத்தவங்க. அவங்க தோக்கணும்னு எப்படி நெனைப்பேன்?" பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "ரிபலோங்காவுல கூப்பிடறாங்க. ஒரு டிவிஷன் கீழ. அதனால சட்டம் தடுக்காது. நீங்க வேண்டாம்னா போகல."

ரிபலோங்கா! மலைக்கு அந்தப் பக்கம், எங்களுக்கு ஜென்மப் பகை ஊர். என் புருஷன் அந்த ஊர் ரொட்டியைக்கூடத் தொட்டதில்லை. நானும் அங்கே கால் வைத்ததில்லை. ஒல்விடோ அடுப்பை விட்டுத் திரும்பி என்னையே பார்த்தாள்.

"போ" என்றேன். "ஆனா இந்த ஊரப் பத்தி அங்க ஒரு நல்ல வார்த்தை பேசாத."

"அது என்னால ஆகாது அத்தை."

"அப்ப நானும் வரேன். நீ பயிற்சி கொடு. பேச வேண்டியத நான் பேசிக்கறேன்."

இந்த ஞாயிறு போகிறேன். ரிபலோங்கா கோல் போட்டால் அந்த ஊருக்காக என் கை தட்டாது. செல்சோவுக்காகத் தட்டும், மலைக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி.