இடப்பக்கத்துப் பொத்தான்கள்

பம்பாயில் ஆனி பிறந்துவிட்டால் துணி காயாது. மூன்று நாள் கொடியில் கிடந்தாலும் சட்டை ஈரமாகவே இருக்கும். குற்றாலச் சாரலை ஆசையோடு பார்க்கப் போகிறவர்களுக்கு இது விளங்காது. "பம்பாய்க்காரிக்கென்ன, சொகுசு" என்று ஊரிலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிறீர்களே, கேளுங்கள். செம்பூரில் ஒற்றை அறை வீட்டில், மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு மேலே என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றுதான் காயவைக்கிறேன். அந்த வாடையோடுதான் அவர் ஆபீசுக்குப் போகிறார். அங்கே நாலு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மதராஸி ஆயா, ஸ்டவ் பந்த் கரோ", அதாவது மதராஸி வந்தாச்சு, ஸ்டவ்வை அணையுங்கள் என்பார்களாம். மதராஸிகளுக்கு இங்கே வேலை எதற்கு என்று சுவரெல்லாம் எழுதிவைத்திருந்த அறுபத்தேழாம் வருஷத்து மழைக்காலம் அது. அவர் பதில் பேசமாட்டார். அத்தனையையும் சேர்த்துக்கொண்டு வந்து வீட்டில் என்மேல் கொட்டுவார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பார்கள். ஆபீசுக்கு இளைத்தவர் இவர், இவருக்கு இளைத்தவள் நான்.

சிரிக்கிற அந்த நாலு பேரும் மழைக்கு மெல்லிய ஜெர்கின் போட்டு வருகிறவர்கள். முன்னால் ஜிப், இடுப்பில் இறுக்கமான பட்டை. அதைப்போல ஒன்று இவருக்கும் வேண்டும். கடை விலையைக் கேட்டுவிட்டு வந்தவரின் கண் என் தையல் மிஷின்மேல் விழுந்தது. கல்யாணத்துக்கு அம்மா தன்னுடையதையே எடுத்துக் கொடுத்த கை மிஷின் அது. திருநெல்வேலியிலிருந்து ரயிலில் மடியைவிட்டு இறக்காமல் கொண்டுவந்தேன். ஊரில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதில்தான் ரவிக்கை தைத்துக் கொடுத்தேன். இங்கே வந்தபின் அது இடத்தை அடைக்கிறது என்று ஒரே பேச்சு.

"வித்துட்டு ஒரு ஜெர்கின் வாங்கிருதேன். சும்மாதானளா கெடக்கு?"

"ஏங்க, அந்த ஜெர்கினை நானே தச்சுத் தாரேனே."

"நல்லா வந்தா மிஷின் இருக்கட்டும். இல்லன்னா ஞாயித்துக்கிழம வித்துருவேன், பாத்துக்க."

என் மிஷினுக்கு அவர் கெடு வைக்கிறார். இருந்தாலும் தைத்தேன். சாம்பல் நிறத்தில் நெருக்கமாக நெய்த பாப்ளின் வாங்கினேன். அவருடைய பழைய சட்டையைப் பிரித்துத் துணியில் விரித்து, சுற்றிலும் மூன்று விரற்கடை கூட்டி வெட்டினேன். கழுத்துப்பட்டையை மட்டும் இரண்டு தரம் பிரித்துத் தைத்தேன். ஜிப்புக்குக் கையில் காசில்லை. ஆறு பொத்தான் வைத்தேன். தோள் சரியாக விழுகிறதா என்று பார்க்க அவர் இரண்டு நிமிஷம் நிற்கமாட்டார். சேலைமேல் நானே போட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறை சாந்தாபாய் வாசலில் நின்றாள். விடியுமுன்னே படகுத்துறைக்குப் போய் மீன் எடுத்துவந்து விற்கிறவள். "சான் திஸ்தய்!" என்றாள். நன்றாயிருக்கிறது என்பதுமட்டும் புரிந்தது. இது எனக்கில்லை, வீட்டுக்காரருக்கு என்று சொல்ல எனக்கு மராத்தி வரவில்லை. தலையை ஆட்டி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் அது அவர் தோளில் இல்லை, கையில் சுருண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்து வீசினார்.

"என்னளா தச்சிருக்க? பொம்பள சட்டை! பொத்தானை எந்தப் பக்கம் வச்சிருக்க, பாரு! அத்தன பேரும் சிரிச்சானுவ. மானம் கப்பலேறிட்டு!"

பார்த்தேன். ஆண் உடுப்பில் பொத்தான் வலப்பக்கம், பெண் உடுப்பில் இடப்பக்கம். பெண்களுக்கே தைத்துப் பழகிய கை, பழக்கத்தில் இடப்பக்கம் வைத்துவிட்டது. தப்பு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொத்தான் வலப்பக்கம் இருந்தபோதெல்லாம் அவர்கள் இவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்களா?

"ஸ்டவ் வாடைக்குச் சிரிச்சவன், பொத்தானுக்கும் சிரிப்பான். அவன்கிட்ட வாயத் தொறக்கலை. என் மூஞ்சியிலதான் வீசத் தெரியுதோ?" என்றேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் எதிர்த்துப் பேசினேன்.

"ஞாயித்துக்கிழம ஆள் வருவான்" என்றார்.

ஞாயிறு காலையில் வந்தவள் சாந்தாபாய். கையில் நீலத் துணி. கொடியில் கிடந்த ஜெர்கினைக் காட்டி, "மலா பண் அசச் பாய்ஜே" என்றாள். பிறகு மளமளவென்று நிறையப் பேசினாள். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவருக்குப் பிடிபட்டது. முகம் மாறியது.

"என்ன சொல்லுதா?"

"அவளுக்கும் இதே மாதிரி ஒண்ணு வேணுமாம். மழையில படகுத்துறைக்குப் போட்டுட்டுப் போவாளாம். பொத்தான்கூட..." என்று இழுத்தார்.

"சொல்லுங்க."

"பொத்தான்கூட இதே பக்கந்தான் வேணுமாம்."

கொடியிலிருந்து ஜெர்கினை எடுத்துச் சேலைமேல் போட்டேன். ஆறு பொத்தானையும் பூட்டினேன். மிஷினுக்கு முன்னால் சம்மணம் கொட்டி உட்கார்ந்து, "இப்ப வித்துப் பாருங்க" என்றேன். "அந்த ஆளை வரவேண்டாம்னு சொல்லிருதேன்" என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மிஷின் தப்பியது. ஆனால் என் ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. நாலு வருஷமாகக் கூடவே இருக்கிறவருக்கு என் கை வேலையின் மதிப்பைச் சொல்ல, என் பாஷை தெரியாத ஒருத்தி வரவேண்டியிருந்தது.

மழை முடிகிறவரை அந்த ஜெர்கினோடுதான் கடைக்குப் போனேன். மாட்டுங்கா மார்க்கெட்டில் நம் ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். சிரியுங்கள் என்று கத்திரிக்காய் பொறுக்கினேன். தீபாவளிக்கு ஊருக்குப் புறப்பட்டபோதும் அதைத்தான் போட்டிருந்தேன். ஜன்னலோரச் சாரலுக்கு இதமாக இருந்தது. பம்பாயிலிருந்து ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் யார் பார்த்தாலும் எனக்குக் கூச்சமில்லை. அரக்கோணத்தில் ரயில் நின்றது. "காப்பி, காப்பி" என்ற தமிழ்க் குரல் ஜன்னலில் கேட்டது. குங்குமமும் கூடையுமாக இரண்டு பெண்கள் ஏறி, என்னை மேலும் கீழும் பார்த்தார்கள்.

என் விரல்கள் தாமாகவே கழுத்துக்குப் போயின. ஒன்று, இரண்டு, மூன்று பொத்தான் கழற்றிவிட்டேன். இரண்டு பேர் பார்த்ததற்காக நானும் அவரைப்போலவே இதைக் கழற்றப் போகிறேன் என்று அப்புறம்தான் உறைத்தது. அந்த விரல்களை ஒடித்துப்போடலாம்போல எனக்கு ஆத்திரம் வந்தது. கழற்றியதைத் திரும்பப் பூட்டவும் மனமில்லை, மிச்சத்தைக் கழற்றவும் மனமில்லை. மேலே மூன்று திறந்தும் கீழே மூன்று பூட்டியும் நடுவில் ரயில் மாறியபோதும், திருநெல்வேலி வரைக்கும் அப்படியே இருந்தேன்.