விசில் சத்தம் கேட்கவில்லை

நாற்பது வயதுக்கு மேல்தான் நான் நீச்சல் பழகினேன். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸில் மாடி வீட்டில் இருந்தவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அவள் கணவரும் என் கணவரும் பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஒரே செக்‌ஷன். அவள் பிறந்து வளர்ந்தது முத்தாபுதுப்பேட்டை, நான் சேலத்துக்காரி. முகப்பேரில் ஒரு நீச்சல் குளத்தில் பெண்களுக்கென்று தனி நேரம் இருந்தது. இருவரும் ஸ்கூட்டரில் போவோம், ஈரத் தலையோடு திரும்புவோம்.

அங்கே சொல்லிக்கொடுத்த டீச்சர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார். தண்ணீரில் ஒருத்தி இருந்தால் கரையில் ஒருத்தியின் கண் அவள் மேல் இருக்க வேண்டும். நாங்கள் அதை வேதம் போல எடுத்துக்கொண்டோம். நான் மூச்சு வாங்கத் தலையைத் தூக்கும்போதெல்லாம் அவள் படிக்கட்டில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். கூடப் பிறந்தவர்களிடம்கூட எனக்கு அப்படியொரு நம்பிக்கை இருந்ததில்லை.

பழவேற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணல் திட்டு இருக்கிறது, போகலாம் என்றதும் அவள்தான். தண்ணீர் இறங்கியிருக்கும்போது முழங்கால் ஆழத்தில் நடந்தே போய்விடலாம். ஏறிவிட்டால் அது தனித் தீவு. அவள், அவள் கணவர், பிள்ளைகள், நான் எல்லோருமாக ஒரு வேனில் போனோம். என் கணவருக்கு அன்று ஷிப்ட்.

போனதும் கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் விசாரித்தோம். மதியம் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பிவிடுங்கள், அப்புறம் தண்ணீர் சட்டென்று ஏறும், நடுவில் இழுப்பு இருக்கும் என்றார்கள். கடலைப் பார்த்த பக்கம் இறங்கவே கூடாது, ஏரிப் பக்கம் மட்டும் குளிக்கலாம் என்றும் சொன்னார்கள். எல்லோரும் நடந்தே திட்டுக்குப் போனோம். அங்கே கடக்கும் இடத்தின் ஓரத்தில், மணலில் ஒரு சவுக்குக் கழி நட்டிருந்தது. தண்ணீர் அதன் அடியைத் தொட்டதும் அவள் விசில் ஊத வேண்டும், நான் உடனே கரையேறிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். விசில் அவள் கழுத்தில் தொங்கியது. என் கைப்பை, போன், செருப்பு எல்லாம் அவளிடம்.

நான் இடுப்பில் ஆரஞ்சு நிற மிதவையைக் கட்டிக்கொண்டு, திட்டின் ஏரிப் பக்கக் கரையை ஒட்டியே நீந்தினேன். குளத்தில் இல்லாத ஒரு சுகம் அது. காது முழுக்க தண்ணீரும் காற்றும். அவள் பார்த்துக்கொள்வாள் என்பதால் நேரத்தைப் பற்றி நினைக்கவே இல்லை.

போதும் என்று எனக்கே தோன்றி எழுந்து நின்றபோது கரையில் யாரும் இல்லை. கழி பாதி முங்கியிருந்தது. நாங்கள் நடந்து வந்த இடத்தில் தண்ணீர் பழுப்பாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் வேன் நின்றது. அதன் பக்கத்தில் அவளுடைய பச்சைச் சுடிதார் தெரிந்தது. நான் இரண்டு கையையும் ஆட்டினேன். அவள் திரும்பிக்கொண்டாள்.

நீந்திக் கடந்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அகலம் அதிகமில்லை. ஆனால் ஒரு தேங்காய் மட்டை அந்த இழுப்பில் போன வேகத்தைப் பார்த்ததும் கால் பின்வாங்கியது. திட்டின் மேடான இடத்துக்குப் போய் மிதவையைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றேன். வெயிலில் பாதம் வெந்தது. அழக்கூடாது, அழுதால் நிதானம் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் நண்டு வலை எடுக்க வந்த கணவன் மனைவி இருவர் படகைத் திருப்பி என்னை ஏற்றிக்கொண்டார்கள்.

வேனில் அவள் என் முகத்தைப் பார்க்காமல் பையை நீட்டினாள். "கூப்ட்டது காதுலயே வுழலியா உங்களுக்கு?" என்றார் அவள் கணவர்.

மறுநாள் குவார்ட்டர்ஸ் முழுக்க அதே கதை. விசில் ஊதி ஊதி அவளுக்கு வாய் வலித்ததாம், நான்தான் நீச்சல் மிதப்பில் கேட்காத மாதிரி இருந்தேனாம். பால் வாங்கப் போன இடத்தில், நமக்கு இந்த வயசில் இதெல்லாம் தேவையா என்று ஒருவர் கேட்டார். என் கணவர் என்னைத் திட்டவில்லை. இனிமேல் குளத்துக்குப் போக வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அதிலும் மோசமானது, நானே அதை நம்பத் தொடங்கியதுதான். காற்றில் கேட்டிருக்காது, அவள் பொய் சொல்பவள் இல்லை என்று வாரக்கணக்கில் என் காதையே சந்தேகித்தேன்.

ஒரு மத்தியானம் அவள் கீழே இறங்கி வந்தாள். சமையலறை வாசலில் நின்றாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"அக்கா, நான் விசில் அடிக்கலக்கா."

அடுப்பை அணைத்தேன்.

"அவரு பசங்கள இட்டுகினு முன்னாடி போய்ட்டாரு. வா வான்னு கத்திகினே இருந்தாரு. அடிச்சா நீ வர்ற வரைக்கும் நான் நிக்கணும். உனக்குத்தான் நீச்சல் தெரியுமே, வந்துருவன்னு போய்ட்டேன்."

அப்படியானால் ஊரெல்லாம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். கணவர்தான் முதலில் சொன்னாராம். இல்லை என்று மறுக்க அவளால் முடியவில்லையாம்.

"என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் இதைச் சொல்லு. அது போதும்" என்றேன்.

"அத மட்டும் கேக்காதக்கா. நான் அந்த ஊட்ல இருக்கணும்."

அவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. விட்டுவிட்டுப் போனதோடு நின்றிருந்தால் பயம் என்று மன்னித்திருப்பேன். கையாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பிக்கொண்டாள்.

சாயங்காலம் என் கணவரிடம் நானே சொன்னேன். முழுக்கக் கேட்டார். "சரி விடு. தினம் அவன் மூஞ்சில முழிக்கணும். பெருசு பண்ணாத" என்றார். ஒரே ஆளின் முகம் கோணக்கூடாது என்று இரண்டு பேர் என்னைக் கரையேற்றாமல் விட்டது போல இருந்தது.

அடுத்த வாரம் அவரிடம் கேட்காமலே முகப்பேருக்கு பஸ் ஏறினேன். அவர் தடுக்கவில்லை. அவள் இன்னும் மாவு அரைத்தால் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புகிறாள், நானும் வாங்கிக்கொள்கிறேன். போன மாதம் படிக்கட்டில் பார்த்தபோது, மறுபடியும் குளத்துக்குச் சேர்ந்து போகலாமா என்று கேட்டாள். வீட்டுக்கு வா, காபி குடி, பேசலாம். தண்ணீருக்கு மட்டும் உன்னோடு வரமாட்டேன் என்றேன். சரிக்கா என்று சொல்லிவிட்டு மேலே ஏறிப் போனாள்.