கத்திரிக்காய்ப் புத்தகக்காரர் செத்த வருஷம்

ஜனவரி ஒன்று மற்றவர்களுக்குப் புத்தாண்டு. எனக்கு அறுவடை. ஒரு புத்தகத்தை எழுதியவர் செத்து அறுபது வருஷம் முடிந்துவிட்டால், அடுத்த ஜனவரி ஒன்றிலிருந்து அதை யார் வேண்டுமானாலும் அச்சடித்து விற்கலாம். யாரையும் கேட்க வேண்டாம். இப்படி ஒரு சட்டம் இருப்பது எனக்குத் தெரிய வந்தது, அம்பத்தூரில் நான் வேலை பார்த்த ஐடி ஆபீஸில் கேக் வெட்டி, கைதட்டி, என்னை வீட்டுக்கு அனுப்பிய மாதத்தில்தான். யூடியூப்பில் ஒருவர் சொன்னார். "ராயல்டி கேட்டு ஆள் வரமாட்டாங்க. ஏன்னா ஆளே இல்ல!" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நாற்பத்தேழு வயதில் வேலை போயிருந்த நானும் கூடச் சிரித்தேன்.

அன்றிலிருந்து எவர் எப்போது செத்தார் என்று தேடுவதே என் தொழில். காலையில் காபியும் கையுமாக லேப்டாப்பைத் திறந்தால், "இன்னைக்கு யாரு செத்தா?" என்பார் என் கணவர். பெரிய எழுத்தாளர்கள் எல்லோரையும் எனக்கு முன்பே ஆயிரம் பேர் அச்சடித்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஊர் உலகம் மறந்துபோன ஒருவர். நன்றாகச் செத்தவர்.

அவரை அம்பத்தூரில் ஒரு பழைய பேப்பர் கடையில், எடைக்குப் போட்ட கைடுகளுக்கு நடுவில் கண்டுபிடித்தேன். நாற்பது பக்கம். வீட்டுக் கொல்லையில் காய்கறி போடுவது எப்படி என்று ஒரு விவசாயி எழுதியது. பாதிக்கு மேல் கத்திரிக்காய்தான். அட்டையில் அவர் பெயர், ஊர் மண்ணூர்பேட்டை. உள்ளே, 'விலை இல்லை, கேட்பவர்க்குத் தரப்படும்.'

நான் சும்மா இருப்பேனா? 'முன்னோர் மறைத்து வைத்த மாடித்தோட்ட ரகசியங்கள்' என்று புதுத் தலைப்பு வைத்தேன். அந்த மனிதர் எதையும் மறைக்கவில்லை, சொந்தக் காசில் அச்சடித்து ஊருக்கே கொடுத்திருக்கிறார் என்பது வேறு விஷயம். அட்டைக்கு ஜடாமுடியோடு ஒரு சித்தரை வரையும்படி கம்ப்யூட்டரில் ஏஐயிடம் சொன்னேன். அது அவருக்கு ஒரு கையில் ஆறு விரல் போட்டது. ரகசியம் தெரிந்தவருக்கு ஒரு விரல் கூடுதலாக இருந்தால் தப்பில்லை என்று விட்டுவிட்டேன். ஐயப்பன்தாங்கலில் எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் அறுபது வீட்டுக்காரர்கள் புத்தகம் வேண்டுமென்று பெயர் கொடுத்தார்கள். அதில் பாதிப் பேர் வீட்டில் கறிவேப்பிலைச் செடிகூட கிடையாது. எனக்கு அது முக்கியமில்லை. வேலை போன பிறகு லிஃப்டில் என்னைப் பார்த்து, "இப்ப வீட்லதானா?" என்று கேட்டவர்கள் எல்லோரும் "புக் எப்ப வரும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விக்காக நான் எதுவும் செய்வேன்.

ஒரே ஒரு குறை. கத்திரிக்காய்க்காரர் எந்த வருஷம் செத்தார் என்று இணையத்துக்குத் தெரியவில்லை. பஸ் பிடித்து மண்ணூர்பேட்டைக்கே போனேன். டீக்கடையில் பெயரைச் சொன்னதும், பின் சந்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மாவைக் கை காட்டினார்கள். அவருடைய ஒரே மகள்.

கிரைண்டரை நிறுத்திவிட்டு வந்தார். நான் என்னை 'ஆராய்ச்சியாளர்' என்று சொல்லிக்கொண்டேன். வாய் கூசவில்லை.

"உங்க அப்பா எப்ப இறந்தாருன்னு தெரியுமாக்கா?"

"தெரியாம இன்னா? ஆடி மாசம், தேய்பிறை தசமி. வருசா வருசம் படையல் போட்டுகினு கீறேன்."

"எந்த வருஷம்?"

"வருசம் எதுக்குமா? தசமி வருசா வருசம் வருதே."

எனக்குத் தலை சுற்றியது. சட்டத்துக்கு நாளும் வேண்டாம், திதியும் வேண்டாம், வருஷம் போதும். இந்த அம்மாவிடம் வருஷத்தைத் தவிர எல்லாம் இருந்தது.

"ஃபேக்டரி கட்ட அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு நிலம் எடுத்தாங்களே, அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"அம்மா இன்னாவோ சொல்லும். மறந்துட்சு."

"முன்னாடியே இருக்குமோ?" என்றேன். கொஞ்சம் முன்னாடியே செத்திருக்கக் கூடாதா என்று, காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவதுபோல்தான் கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

அவரே வழி சொன்னார். "அப்பாவோட பதினாறாம் நாள் காரியத்தன்னிக்குத்தான் நான் பொறந்தேன். பந்தல்ல ஐயரு கீறாரு, உள்ள எங்கம்மாக்கு வலி."

அப்படியானால் இவருடைய வயதுதான் அப்பா செத்து ஆன வருஷம்! ஆதார் கார்டை எடுத்துக் காட்டச் சொன்னேன். அதில் இருந்த பிறந்த வருஷத்தைக் கணக்குப் போட்டால் ஐம்பத்தெட்டு. என் முகம் தொங்கிப்போனது. புத்தகம் இன்னும் இவருக்குத்தான் சொந்தம்.

"அத்த நம்பாதமா," என்றார் அவர். "இஸ்கூல்ல சேக்கறப்ப ரெண்டு வயசு கொறச்சுப் போட்டாங்கோ. அம்மா சாவுற வரைக்கும் சொல்லிச்சு. எனக்கு அறுவது முடிஞ்சுபோச்சு. முதியோர் பென்சனுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையறேன், ஆதார்ல அம்பத்தெட்டுதானேன்னு தொரத்துறானுங்க."

பூமியில் இந்த அம்மாவுக்கு வயது கூட வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இரண்டே பேர். அவரும் நானும். "உங்களுக்கு அறுபதுதான்க்கா, பார்த்தாலே தெரியுது," என்றேன். "நானே உங்களுக்கு மனு எழுதித் தரேன். உங்க வயசு அறுபதுன்னு ஆயிட்டா அப்பா புத்தகத்தையும் போட்டுடலாம்."

"இன்னா புஸ்தகம்?"

பையிலிருந்து எடுத்தேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஆனால் வாங்கவில்லை. "கத்திரிக்காய் பத்தி எழுதினாருன்னு அம்மா சொல்லும். ஊட்ல இருந்ததெல்லாம் கரையான் துன்னுட்சு. கண்ணாடி இல்ல, நீ கொஞ்சம் படி."

கைக்கு வந்த பக்கத்தைப் படித்தேன். "இலையில் பூச்சி கண்டால் பதற வேண்டாம். பூச்சிக்கும் பசிக்கும். சாம்பலைத் தூவிவிட்டு, அது விட்டதை நாம் சாப்பிடலாம்."

அவர் சிரித்தார். பிறகு, "இப்பிடித்தான் பேசுவாராமா?" என்று என்னைக் கேட்டார். நான் அவரைப் பார்த்ததில்லை. இவரும் பார்த்ததில்லை. போட்டோகூட கிடையாது, விளக்கை ஏற்றி வைத்து அதன் முன்னால்தான் படையல் என்றார். கேட்காமலேயே அடுத்த பக்கத்தையும் படித்தேன்.

"எனக்கு அறுவது ஆனா இந்தப் புஸ்தகம் யாருக்கு?"

பொய் வரவில்லை. "எல்லாருக்கும்."

"ஆவலன்னா?"

"உங்களுக்கு மட்டும்தான். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு."

கார்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். பிறந்த வருஷம் இருந்த இடத்தை விரலால் தடவினார்.

"மனு வேணாம்மா. எனக்கு அம்பத்தெட்டுதான்."

"பென்ஷன்?"

"மாவு கீது. ரெண்டு வருசம் ஓடிடும். அவரோடதுன்னு ஒண்ணு எனக்குக் கீதுன்னு இன்னிக்குத்தான் தெரியும். அப்பறம் எல்லாரும் எடுத்துக்கட்டும்."

இருந்த ஒரே பிரதியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கேட்கவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்து, புத்தகம் வர இரண்டு வருஷம் ஆகும் என்று குழுவில் போட்டேன். முதல் பதில், "அப்ப இன்னும் வீட்லதானா?"

கதவைத் திறந்த கணவர் வழக்கம்போலக் கேட்டார், "யாரு செத்தா?"

"இன்னைக்கு ஒருத்தரும் சாகல," என்றேன்.